கண் க்ரீம் வாங்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள்

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு கடைக்குள் போய் "கருவளையத்துக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டால் உடனே ஒன்று கைக்கு வந்துவிடும். உங்களுக்கு எந்த வகைக் கருவளையம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதைக் கண்டுபிடிப்பது கடைக்காரரின் வேலையும் இல்லை. ஆனால் அது தெரியாமல் வாங்கிய 15 கிராம் ட்யூப் பாதி தீர்ந்த நிலையில் அலமாரியிலேயே காலாவதி ஆகிவிடும். அதன் விலையோ பல சமயம் 50 கிராம் முக க்ரீமைவிட அதிகம். கண்ணுக்குக் கீழே இருட்டாகத் தெரிவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. இரண்டுக்கு வெவ்வேறு க்ரீம், மூன்றாவதுக்கு க்ரீமே கிடையாது. அதனால் முதல் வேலை கடையில் இல்லை, வீட்டுக் கண்ணாடி முன்னால்தான்.

உங்களுடையது எது?

பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் நில்லுங்கள், டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம். மை, காஜல் எதுவும் மிச்சமில்லாமல் முகம் கழுவியிருக்க வேண்டும், நேற்றைய மை கரைந்து இறங்கியதும் பார்க்கக் கருவளையம் மாதிரியேதான் இருக்கும். இப்போது கீழ் இமைத் தோலை ஒரு விரலால் கன்னப் பக்கமாக மெதுவாக இழுங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து நகர்கிறது, கொஞ்சமும் மங்கவில்லை என்றால் அது மெலனின், அதாவது நிறமி. நீலமோ ஊதாவோ கலந்த நிறம், இழுத்ததும் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்றால் அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் தெரிகின்றன என்று அர்த்தம். கண்ணடித் தோலின், அதாவது கண்ணுக்குக் கீழே இருக்கும் தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான், அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. அப்புறம் முகத்தை வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்திப் பாருங்கள். கருமை அப்படியே காணாமல் போனால் அது நிறமே இல்லை, கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விழும் நிழல்.

நம் நிறத் தோலில் பழுப்பு வகை மிகவும் சாதாரணம். கீழே மட்டும் இல்லாமல் மேல் இமையிலும் சேர்ந்து முழு வளையமாக இருக்கும், அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதே இருக்கும். குடும்ப வழியில் வந்தது முழுதாகப் போகாது. மங்க வைக்கலாம், மேலும் கருக்காமல் காக்கலாம், அவ்வளவுதான். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் "15 நாளில் மாயம்" என்று சொல்லும் விளம்பரத்துக்குக் காசு கொடுக்க மாட்டீர்கள். பலருக்கு இரண்டு வகை கலந்தும் இருக்கும், அப்போது எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

வீக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை இருக்கிறது. காலையில் உப்பியிருந்து, நேரம் ஆக ஆக வடிந்துவிட்டால் அது தேங்கிய நீர். ராத்திரி கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுத் தூங்கிய மறுநாள் கண்ணாடியில் பாருங்கள், உப்பு வேலை காட்டியிருக்கும். அழுகை, அலர்ஜி, தூக்கக் குறைவு எல்லாம் இதே கணக்கில் சேரும். நாள் முழுக்க ஒரே அளவில், வருஷக்கணக்காக இருக்கும் பை என்றால் அது உள்ளே இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளியது. எந்த க்ரீமும் அதைக் கரைக்காது.

சுருக்கம் என்றால் கொஞ்சம் சாதாரண மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். கோடு மறைந்தால் அது வறட்சி. மறையவில்லை என்றால் நிஜமான சுருக்கம், அதற்கு வேறு பொருள் வேண்டும்.

பழுப்பு நிறத்துக்கு என்ன தேட வேண்டும்

முதலில் சன்ஸ்க்ரீன். கண் க்ரீம் பற்றிக் கேட்டால் இவர் சன்ஸ்க்ரீனைச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் வருஷத்தின் பெரும்பகுதி வெயில் கடுமைதான். ஸ்கூட்டியில் மஞ்சக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வரை தினமும் வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண், ராத்திரி எவ்வளவு விலை உயர்ந்த க்ரீமைத் தடவினாலும் பகலில் வெயில் அதை அழித்துக்கொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் புழுக்கத்தில் சன்ஸ்க்ரீன் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய் எரியும், அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி எரிகிறவர்கள் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் உள்ள மினரல் வகையை எடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அது எரிச்சல் தருவதில்லை. அதிலும் தோல் நிறம் கலந்ததாக, பின்பக்கப் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு இருப்பதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. நம்மைப் போன்ற பழுப்புத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருக்க வைக்கிறது. அயர்ன் ஆக்சைடு அதையும் தடுக்கும், வெள்ளைப் பூச்சும் தெரியாது. கூடவே யுவி 400 என்று போட்ட பெரிய கூலிங் கிளாஸ் ஒன்று.

அதற்குப் பிறகுதான் க்ரீம். என் முதல் தேர்வு நியாசினமைடு, 4 அல்லது 5 சதவீதம். நிறமி, தான் உருவாகும் செல்லிலிருந்து மேல் தோலுக்கு நகர்வதை இது குறைக்கிறது, கூடவே ஈரம் வெளியேறாமல் காக்கும் தோலின் மேலடுக்கையும் பலப்படுத்துகிறது. விலை குறைவு, வெயிலில் கெட்டுப்போகாது, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். 10 சதவீதம், 15 சதவீதம் என்று போட்டியாக ஏற்றி விற்பதைக் கண்ணுக்குக் கீழே போடாதீர்கள். சதவீதம் ஏறினால் எரிச்சலும் ஏறும், பலன் அதே அளவு ஏறாது.

வைட்டமின் சி நல்ல பொருள்தான், ஆனால் எல் அஸ்கார்பிக் ஆசிட் என்ற சுத்தமான வடிவம் அமிலத்தன்மை கூடியது, கண்ணடியில் சுருக்கென்று இருக்கும், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் பழுப்பாகி வீணாகும். மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட், எத்தில் அஸ்கார்பிக் ஆசிட் மாதிரி சாந்தமான வடிவங்கள் கண்ணடிக்குப் பொருத்தம். ஆல்ஃபா ஆர்புட்டின், டிரானெக்சாமிக் ஆசிட், அசெலைக் ஆசிட், கோஜிக் ஆசிட் ஆகியவையும் நிறமியைக் குறைப்பவை, அவற்றில் கோஜிக் சிலருக்கு அலர்ஜி தரும். ஹைட்ரோகுவினோன் என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

பழுப்பு வகைக்கு இன்னொரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள்: தேய்ப்பது. அலர்ஜி, தூசி, தும்மல் உள்ளவர்கள் நாள் முழுக்கக் கண்ணைக் கசக்குவார்கள், கசக்கக் கசக்கத் தோல் தடித்துக் கருக்கும். அரிப்பு நின்றால்தான் நிறம் குறையும், அதுவரை எந்த க்ரீமும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். அரிப்புக்குக் காரணம் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தலைக்கு அடிக்கும் டையில் இருக்கும் பிபிடி என்ற பொருளும், நெயில் பாலிஷில் இருக்கும் பிசினும் இமையில் அலர்ஜி கொண்டுவரும் என்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நகத்தில் ஒன்றும் ஆகாது, அந்த நகத்தால் தொட்ட இமை மட்டும் சிவக்கும். டை அடித்த இரண்டு மூன்று நாளில் கண் இமை அரித்தால் சந்தேகத்தை முதலில் டை மேல் வையுங்கள்.

நீலத்துக்கும் வீக்கத்துக்கும்

கஃபீன். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தைக் கொஞ்சம் இறக்கும், சில மணி நேரம் நிற்கும். அதாவது காலையில் போட்டால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஓரளவு தெளிவு, மறுநாள் மறுபடி போட வேண்டும். நிரந்தரமாக மாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்த எவர்சில்வர் ஸ்பூனைச் சுத்தமான துணியில் சுற்றி மூடிய கண் மேல் சில நிமிஷம் வைத்தாலும் குளிர்ச்சியால் அதே மாதிரிப் பலன் கிடைக்கும், செலவும் இல்லை. வைட்டமின் கே என்று விற்பதற்கு ஆதாரம் குறைவு, அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

முகம் வெளிறி, மூச்சு வாங்கி, எப்போதும் அசதியாக இருந்து கண்ணடியும் கருத்திருந்தால் க்ரீமுக்கு முன்னால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். நம் பெண்களிடம் ரத்தசோகை அதிகம், அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிழல் வகைக்கு ஒரே வரி: க்ரீம் வாங்காதீர்கள். பள்ளத்தை நிரப்பும் ஊசி சிகிச்சை இருக்கிறது, அதைத் தேர்ந்த தோல் மருத்துவர் மட்டும்தான் செய்ய வேண்டும்.

சுருக்கத்துக்கு

ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். இத்தனை பொருட்களில் சுருக்கத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கும் குடும்பம் இதுதான். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியைத் தூண்டி, மாதக்கணக்கில் தோலைக் கொஞ்சம் தடிப்பாக்கும், அதனால் நீல வகைக்கும் ஓரளவு உதவும். கண்ணடிக்கு 0.1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே தொடங்குங்கள். முகத்துக்கான பொருட்களில் ரெட்டினால் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் விதி கொண்டுவந்திருக்கிறது, அதற்கு மேல் போட்டிருந்தால் கண்ணடிக்கு வேண்டாம். வாரத்துக்கு இரண்டு ராத்திரி, ஒத்துக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் இது என்று போட்டால் எரிச்சல் குறையும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். ரெட்டினைல் பால்மிட்டேட் என்று போட்டிருந்தால் அது அதே குடும்பத்தில் மிகவும் பலவீனமான உறுப்பினர், ரெட்டினால்டிஹைடு என்றால் ரெட்டினாலைவிட வேகமானது. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுப்பவர்கள் இந்தக் குடும்பத்தையே தள்ளி வையுங்கள்.

ரெட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பாகுச்சியால் இருக்கிறது. இது எங்கோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியிலிருந்து பிரித்தெடுப்பது. 2018-ல் 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் 0.5 சதவீத பாகுச்சியால், ரெட்டினாலுக்கு இணையாகவே முகச் சுருக்கத்தையும் நிறமியையும் குறைத்தது, தோல் உரிதலும் எரிச்சலும் அதில் குறைவு. ஆய்வு சின்னது, செய்ததும் முகத்தில்தான், இருந்தாலும் முயன்று பார்க்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதைப் படித்துவிட்டுக் கார்போகரிசியை வாங்கி அரைத்துக் கண்ணடியில் பூசாதீர்கள். அந்த விதையில் சோராலன் என்ற பொருளும் இருக்கிறது, அது வெயில் பட்டதும் தோலைக் கொப்பளிக்க வைக்கும், இன்னும் கருக்க வைக்கும். எலுமிச்சைச் சாறும் அங்கே வேண்டாம், காரணமும் ஏறக்குறைய அதுவேதான்.

பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு வகைகள் பெரும்பாலும் எரிச்சல் தராது, பலனும் மெதுவானது. வறட்சிக் கோடு மட்டும் உள்ளவர்களுக்கு கிளிசரின், ஹையலுரானிக் ஆசிட், செராமைடு, ஸ்குவாலேன் இருந்தால் போதும். நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பிரச்சினை. உண்மையைச் சொன்னால் இவர்களுக்குத் தனியாகக் கண் க்ரீமே வேண்டாம், வாசனை சேர்க்காத முக மாய்ஸ்சரைசர் ஒன்றே போதும். பசை மாதிரி கெட்டியான க்ரீம்களை நம் புழுக்கத்தில் அப்பினால் சிலருக்குக் கண்ணடியில் சின்னச் சின்ன வெள்ளை முத்துக்கள் வரும், அவர்கள் ஜெல் வகைக்கு மாறிக்கொள்ளலாம்.

பெட்டியின் பின்பக்கம்

முன்பக்கத்தில் தங்கத்தூளும் குங்குமப்பூவும் மின்னும், உண்மை பின்பக்கப் பொடி எழுத்தில். எது அதிகமோ அதிலிருந்து குறைவு நோக்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது முறை, 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் கலைத்து எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருளைப் பெரும்பாலான க்ரீம்களில் பார்ப்பீர்கள், அது 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே நீங்கள் தேடும் நியாசினமைடு அதற்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தால் பேருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ரெட்டினாலுக்கும் பெப்டைடுக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அவை குறைந்த அளவிலேயே வேலை செய்பவை. பர்ஃபியூம், ஃபிராக்ரன்ஸ், லாவண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ரெட்டினாலும் வைட்டமின் சியும் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். வாய் அகன்ற டப்பா வேண்டாம், ட்யூபோ பம்ப்போ எடுங்கள். வாங்கியதை ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டு அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றாதீர்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பிரான்ஸிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ வரும்போது க்ரீம் வரும். அதில் காலாவதி தேதி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு ஐரோப்பாவில் தேதி போட வேண்டியதில்லை. திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று எண் இருக்கும், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். திறந்த தேதியைப் பேனாவால் ட்யூப் மேலேயே எழுதிவையுங்கள். இங்கே விற்கும் இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும், இல்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

தொடவே கூடாத ட்யூப்

"அண்ணா, கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு, ஏதாவது ட்யூப் குடுங்களேன்." "இந்தாம்மா, இது நல்லா போகுது, எல்லாரும் வாங்கறாங்க." மெடிக்கல்களில் இப்படி நடக்கும் பேச்சில் கைமாறும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மேலே, மருந்துச் சீட்டு வேண்டும் என்று காட்டும் ஆர்எக்ஸ் (Rx) குறியும் இருக்கும். போட்ட சில நாளில் நிறம் தெளியும், பளபளக்கும், அதனால்தான் "நல்லா போகுது". தொடர்ந்து போட்டால் ஏற்கெனவே மெல்லியதான அந்தத் தோல் இன்னும் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடி கிளாகோமா, கண்புரை வரை போகலாம், கிளாகோமாவில் போன பார்வை திரும்ப வராது. பல ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குக் கொண்டுவந்தது, மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஏற்கெனவே ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், கண் அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

தடவும் முறை

புதிய க்ரீமை முதலில் முழங்கையின் உள்பக்கம் நாலைந்து நாள் ஒரே இடத்தில் தடவிப் பாருங்கள். சரி என்றால் ஒரு கண்ணுக்கு ஓர் அரிசி அளவு, மோதிர விரலால், கண்ணைச் சுற்றிய எலும்பின் மேல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். இமை முடி ஓரம் வரை கொண்டுபோக வேண்டாம், தோலின் சூட்டில் க்ரீம் தானாகவே கொஞ்சம் நகரும். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது எரித்தது, எது உதவியது என்று தெரியாது. நிறமிக்கு குறைந்தது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள், தொடங்கும் அன்று அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

சில விஷயங்களுக்கு க்ரீமில் நேரம் கடத்தக் கூடாது. ஒரு கண் மட்டும் திடீரென்று வீங்குவது, வலியோடு சிவப்பது, பார்வை மங்குவது என்றால் அன்றைக்கே டாக்டர். கண் மூலையில் மஞ்சள் படிவு தெரிந்தால் கொலஸ்ட்ரால் பாருங்கள். கன்னத்திலும் கண்ணடியிலும் சின்னக் கருப்பு மருக்கள், தோல் நிறத்துச் சின்னக் கட்டிகள் எல்லாம் க்ரீமில் போகாதவை, தோல் மருத்துவர்தான் எடுப்பார். கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது இப்போது பூசிக்கொண்டிருக்கும் க்ரீம், மை, டை, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேர் ஞாபகமில்லை என்று சொன்னால் டாக்டரால் ஊகிக்கத்தான் முடியும், ட்யூபைக் கையில் கொடுத்தால் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்வார்.